வாரக்கடைசி வேலை

கோல்பி வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடந்தபோது மூன்று ஜோடி பூட்ஸ்கள் கராஜுக்குள் நுழைந்தன.

முதல் ஜோடி வெர்லுடையது. அதைப் பார்த்ததுமே கோல்பிக்குப் பாதி பயம் போய்விட்டது. அந்த ஊரில் வெர்லைக் கேட்காமல் யாரும் ஆக்சில் மாற்றுவதில்லை. பின்னால் வந்தவை ஹாட்லி சகோதரர்களுடையவை. வெர்ல் சொல்வதற்குத் தலையாட்ட இருவர் தேவைப்பட்டார்கள்.

காரியம் இதுதான். கோல்பியின் பிக்கப்பில் முன்சக்கரங்கள் தனித்தனியாகத் துள்ளும். அந்த அமைப்பையே வெட்டி எறிந்துவிட்டு, இரண்டு சக்கரங்களையும் ஒரே இரும்பாகப் பிணைக்கும் கனத்த ஆக்சிலைப் போட வேண்டும். அது போட்ட வண்டி பாறையில் ஆடு மாதிரி ஏறும். போடாத வண்டியை அமெரிக்காவில் யூட்டா மாநிலத்தின் அந்தப் பக்கத்தில் மளிகை வண்டி என்பார்கள்.

டயர் கடைச் சுவரில் வெர்லின் வண்டி செம்பாறை உச்சியில் மூக்கை வானத்துக்குத் தூக்கி நிற்கும் படம் ஒன்று உண்டு. போன குளிர்காலத்தில் இந்த ஊருக்குக் குடிவந்த கோல்பி அந்தப் படத்தைப் பார்த்துத்தான் கெட்டுப்போனான்.

அன்றிலிருந்து திட்டம் நடந்தது.

கோல்பி எதையும் அளக்காமல் செய்கிறவன் அல்ல. அளந்த பிறகு நம்புகிறவனும் அல்ல. ஸ்பிரிங் பட்டை எங்கே உட்காரும் என்று கராஜ் தரையில் சாக்பீஸால் வரைந்தான். அழித்தான். அரை அங்குலம் தள்ளி வரைந்தான். பிறகு முதலில் வரைந்த இடத்துக்கே திரும்பினான். ஆக்சில் மாறினால் வண்டி உயரும்; ரோட்டில் ஓட்ட வேண்டியது என்பதால் பம்பர் எவ்வளவு உயரலாம் என்று சட்டத்தைப் படித்தான். புரியவில்லையோ என்று மறுபடியும் படித்தான்.

அளவுக்குள் அடங்காதது ஒன்றே ஒன்று. திங்கட்கிழமை.

திங்கட்கிழமை அவனுக்குச் சுரங்கத்தில் புது வேலை. பாலைவனத்துக்குள் நெடுந்தூரம், பஸ் கிடையாது. மனைவி டெஸ்ஸின் கார் எதிர்த்திசையில் பள்ளிக்கூடச் சமையலறைக்குப் போகும். டெஸ்ஸுக்கு ஏழாம் மாதம். இந்த வேலையோடுதான் மருத்துவக் காப்பீடு வருகிறது. முதல் வாரத்தில் தாமதமாக வருகிறவனுக்கு இரண்டாவது வாரம் கிடையாது என்று மேலாளர் சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார்.

கோல்பி அடியிலிருந்து ஊர்ந்து வந்து இதையெல்லாம் வெர்லிடம் சொன்னான். அடுத்த மாதம் வெட்டினால் என்ன என்று தரையைப் பார்த்துக் கேட்டான்.

"தம்பி, இது வாரக்கடைசி வேலைடா," என்றார் வெர்ல். "இன்னிக்கு வெட்டுறோம், நாளைக்கு ஒட்டுறோம். திங்கக்கிழமை நீ ஓட்டிக்கிட்டுப் போற."

நாளை ஞாயிறு. வெர்ல் ஞாயிற்றுக்கிழமை புல்கூட வெட்டாத பக்திமான். ஆனால் அடுத்தவன் வண்டியில் வெல்டிங் வைப்பது வேலை அல்ல, தர்மம் என்று சர்ச்சிலேயே விளக்கியிருக்கிறார்.

ரூட் பியர் டப்பாக்கள் திறந்தன; பெயரில் மட்டும் பியர், உள்ளே வெறும் சோடா. இந்த ஆக்சிலுக்கு இந்த டயர் பத்தாது என்றான் மூத்த ஹாட்லி. அந்த டயருக்கு இந்தக் கியர் பத்தாது என்றான் இளையவன். கியரை மாற்றினால் பிரேக்கை மாற்றாமல் ஓட்டுவது தற்கொலை என்பதில் இருவருக்கும் ஒரே கருத்து. ஒவ்வொன்றுக்கும் வெர்ல் கையை அசைத்தார். சின்ன வேலை. அதுவும் சின்ன வேலை.

பிறகு கட்டிங் மெஷினை எடுத்துக் கோல்பியிடம் நீட்டினார்.

முதல் வெட்டை வண்டிக்காரன்தான் போட வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். அதற்கப்புறம் அவன் யாரையும் குறை சொல்ல முடியாது.

கோல்பி மறுபடி அளந்தான். மறுபடி படுத்தான். டெஸ்ஸை நினைத்தான். மூன்று பேர் நின்று பார்க்கும்போது மெஷினைக் கீழே வைக்கிற தைரியம் அவனுக்கு இல்லை.

பொறி பறந்தது. கம்பெனி ஒட்டிய இரும்பு அறுந்து தரையில் விழுந்தது. இனி அது ஒட்டாது.

மூவரும் கைதட்டினார்கள். வெர்ல் குனிந்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு, மாட்டுவதற்காக ஓரமாகக் கிடந்த ஆக்சிலைப் பார்த்தார். வண்டியைப் பார்த்தார். இதுக்கு வேறு ஸ்டியரிங் கை வேண்டும், வெளி மாநிலத்திலிருந்து வரவழைக்க வேண்டும் என்றார். சின்ன வேலைதான் என்றார்.

எப்போது வரும் என்று கோல்பி கேட்பதற்குள் வெளியே ஹாரன் ஒலித்தது. மூவரும் பள்ளி மணி கேட்ட பிள்ளைகளைப் போல நகர்ந்தார்கள்.

கோல்பி கையைத் துடைத்துக்கொண்டு பின்னாலேயே வாசலுக்கு வந்தான்.

உயர்ந்த வண்டி எதுவும் அங்கே இல்லை. ஒரு பழைய மினிவேன் நின்றது. ஓட்டும் இடத்தில் வெர்லின் மனைவி ஜோலீன். ஹாட்லி சகோதரர்கள் குழந்தை சீட்டைத் தாண்டிப் பின்வரிசைக்குள் குனிந்து நுழைந்தார்கள். யாருக்கு எந்த இடம் என்று யாரும் கேட்கவில்லை.

உங்கள் வண்டிகள் எங்கே என்றான் கோல்பி.

"சக்கரம் இல்லாம ஸ்டாண்டு மேல நிக்குது தம்பி," என்றார் வெர்ல், பெல்ட்டைப் போட்டபடி. "எங்க மூணு பேருக்கும் ஒரு சின்ன வேலை பாக்கி."

ஜோலீன் கராஜுக்குள் எட்டிப் பார்க்கவில்லை. பின்சீட்டிலிருந்த மளிகைப் பையைக் கைநீட்டி எடுத்துக் கீழே வைத்தாள்.

"திங்கக்கிழமை எத்தனை மணிக்குப் போகணும்னு சொல்லு, வந்து ஏத்திக்கிறேன். இந்தச் சீட்டுல வந்துக்கிட்டிருந்தவரு போன வாரம் கார் வாங்கிட்டாரு."