மூன்றாவது மணல்மேடு

அண்ணன் தணிகைவேலின் மழித்த தலையைக் கண்டதும் தேவயானி இரண்டடி பின்வாங்கினாள். அந்த மொட்டை யாருக்காக என்று அவளுக்கா தெரியாது? செத்துப்போன தங்கைக்காக. அதாவது, அவளுக்காக.

சாதி விட்டு யஸ்வந்தை மணந்தாள் என்பதற்காக, உயிரோடு இருக்கும் மகளுக்குக் கண்ணீர் அஞ்சலிப் பலகை வைத்தார், நகரியில் பத்து விசைத்தறிகளுக்குச் சொந்தக்காரரான அவள் தகப்பனார். படத்துக்கு மாலை போட்டார். பந்தி போட்டு ஊருக்குச் சோறு போட்டார். பெற்ற பாசத்தைச் சாதி தின்று ஏப்பம் விட்டுப் பத்து நாள் ஆகிறது.

அந்த வீட்டிலிருந்து அண்ணன் மட்டும் இன்று வந்திருக்கிறான். நாயுடுபேட்டைக்குக் கிழக்கே, கடலோர மணல்மேடுகளில் நாலு சக்கர பைக் ஓட்டுவதற்குப் புதுமணத் தம்பதிக்கு அவனே டிக்கெட் எடுத்திருந்தான். கையில் கல்யாணப் பரிசாக ஒரு சட்டை. கண்ணைப் பறிக்கும் மஞ்சள்.

"இப்பவே போட்டுக்கோங்க மாப்ள. எவ்ளோ தூரத்துல இருந்து பாத்தாலும் பளிச்சுன்னு தெரியணும்."

யஸ்வந்த் மகிழ்ந்து போட்டுக்கொண்டான். முந்தின நாள் திருமலையில் வேண்டுதல் முடித்த அவன் மொட்டையில் இன்னும் சந்தனம் காய்ந்திருந்தது. "உங்க வூட்ல ஒருத்தராவது வந்தாரேன்னு சந்தோஷப்படு தேவி. மூஞ்சத் தூக்கி வச்சிக்கினு நிக்காத" என்று அவள் காதில் சொன்னான்.

அண்ணனின் காதோரம் சவரக்கத்தி கீறிய கோடு ஒன்று ஈரமாகச் சிவந்திருந்தது. தேவயானி பார்வையைத் திருப்பிக்கொண்டாள்.

வழிகாட்டி கங்கையா மூன்று தலைக்கவசங்களோடு வந்தான். "ஹெல்மெட் லேகுண்டா... ஹெல்மெட் இல்லாம எவரையும் ஏத்த மாட்டேன் சார்."

"பாப்பாவுக்கு மட்டும் குடு. எங்க ரெண்டு பேருக்கும் வேணாம்" என்றான் தணிகைவேல், தங்கையைக் காட்டி.

"தலை ஒடைஞ்சா?"

"மொட்டைத் தலைக்கு மணலே மெத்தை. மூஞ்சில கட்டத் துணியும் கண்ணாடியும் குடு, போதும்." வேடிக்கையாகத்தான் சொன்னான். பார்வை மட்டும் தூரத்துச் சவுக்குத் தோப்பைத் துழாவிக்கொண்டிருந்தது. அங்கே ஒரு வெள்ளைக் கார் நின்றது.

கங்கையா மறுத்துப் பேச வாயெடுத்தான். தணிகைவேல் அவன் தோளில் கை போட்டு அப்பால் அழைத்துப்போய் ஏதோ பேசினான். திரும்பி வந்தபோது கங்கையாவின் முகத்தில் ஈயாடவில்லை.

"என் சக்கரத் தடத்துலயே வாங்க மேடம்" என்று மட்டும் சொன்னான்.

வண்டிகள் உறுமிக் கிளம்பின. கங்கையா முன்னே, யஸ்வந்தும் தேவயானியும் ஒரே வண்டியில் நடுவே, தணிகைவேல் பின்னே. கைதியை நடத்திச் செல்வது இப்படித்தான். முதல் மேடு தாண்டியதும் டிக்கெட் கொட்டகை மறைந்தது, இரண்டாவது மேடு தாண்டியதும் தோப்பும் மறைந்தது. அதற்கு மேல் மணலும் காற்றும்தான். கூப்பிட்டால் ஏனென்று கேட்க ஆளில்லை.

பள்ளத்தில் கங்கையா வண்டியை நிறுத்தினான். தணிகைவேல் கைபேசியோடு மேட்டின் உச்சிக்கு ஏறினான். அப்பாவோடு அவன் பேசிய பேச்சைக் காற்று கீழே கொண்டுவந்து கொட்டியது.

"ஆமா நைனா, இட்டுக்கினு வந்துட்டேன். மூணாவது மேட்டுக்குத் தனியா வருவான். நீ வச்சிருக்கற வெளியூர் ஆளுங்களுக்கு அடையாளம் சொல்லிடு... மஞ்ச சட்டை, மொட்டைத் தலை. மூஞ்சில துணி கட்டிக்கினு இருப்பான்."

தேவயானி சுற்றிலும் பார்த்தாள். ஓடலாமா? கணுக்கால் புதையும் மணலில் எங்கே ஓடுவது? கூடப் பிறந்தவனே காட்டிக்கொடுத்த பிறகு யாரிடம் ஓடுவது?

தணிகைவேல் சறுக்கி இறங்கி வந்தான். "சட்டையக் கழட்டு மாப்ள."

அவள் தலைக்கவசத்தைப் பிடுங்கி எறிந்துவிட்டுக் குறுக்கே பாய்ந்தாள். "கிட்ட வராத! செத்தவ நான்தானே? எனக்குத்தானே மொட்டை அடிச்சிக்கினு வந்து நிக்கற? அப்போ என்னையே வெட்டு! வேற சாதியில பொறந்தது தவிர அவரு என்னடா தப்பு பண்ணாரு?"

தணிகைவேல் அவளைத் தாண்டிக் கை நீட்டினான். யஸ்வந்த் சட்டையைக் கழற்றத் தொடங்கினான். ஒவ்வொரு பொத்தானாகக் கழன்றது. மஞ்சள் சட்டை கை மாறியது.

அடுத்து, தணிகைவேல் தன் கறுப்புச் சட்டையைக் கழற்றி யஸ்வந்தின் தோளில் போட்டான். மஞ்சள் சட்டையைத் தான் மாட்டிக்கொண்டு, துணியை மூக்குக்கு மேல் இழுத்துக் கட்டினான்.

"கங்கையா, இவங்கள வடக்கால எறக்கி ரோட்டுக்கு இட்டுக்கினு போ. நான் பேசி வச்ச வக்கீலம்மா அந்த வெள்ளைக் கார்ல இருக்காங்க. நேரா கோர்ட்டுக்குப் போய் நில்லுங்க. அந்த ஆளுங்க என் பின்னால ஓடிக்கினு இருக்கற வரைக்கும்தான் உங்களுக்கு நேரம்."

தேவயானி அவன் தலையை அண்ணாந்து பார்த்தாள். "அண்ணா... அப்போ இந்த மொட்டை?"

தணிகைவேல் வண்டியை முடுக்கி, மூன்றாவது மேட்டை நோக்கித் திருப்பினான்.

"காலையிலதான் அடிச்சேன் பாப்பா... மாப்ள மாதிரி இருக்கணும்ல!"