பதினெட்டாயிரத்துக்கு ஒரு வீடு

“எல்லாரும் கண்ணை மூடிக்குங்க” என்றார் ஆலோசகர். முந்நூறு பேர் மூடினார்கள்.

அவளும் மூடினாள். மடியில் கைபேசி வெதுவெதுப்பாக இருந்தது.

அதில் ஒரு வேலைக் கடிதம். மாதம் பதினெட்டாயிரம். சம்மதமா இல்லையா என்று ஐந்து மணிக்குள் சொல்லிவிட வேண்டும். இப்போது நாலரை.

அப்பா தெருவெல்லாம் மகளுக்கு நாற்பதாயிரம் சம்பளம் என்று சொல்லிவைத்திருந்தார். கல்லூரிக் கையேட்டின் அட்டையில் கொட்டை எழுத்தில் அச்சான தொகை அது. அதை வாங்கியவரை இதுவரை யாரும் நேரில் பார்த்ததில்லை. தெரு தன் பங்குக்கு ஐந்தாயிரம் சேர்த்து அவரிடமே திருப்பிச் சொல்ல, அப்பா இப்போது நாற்பத்தைந்தை நம்பிக்கொண்டிருந்தார்.

ஆலோசகரின் பட்டங்களை வாசித்து முடிப்பதற்குள் துறைத்தலைவர் இரண்டு முறை தண்ணீர் குடிக்க வேண்டியிருந்தது. ‘சம்பள யதார்த்த வல்லுநர்’ என்பது கடைசிப் பட்டம். கடைசி ஆண்டுக்காரர்களின் ஆசையைத் தரைக்கு இறக்குவதற்காக அவரை வரவழைத்திருந்தார்கள். சாம்பல் நிறக் கோட்டு. கையில் மைக். தாலாட்டுகிற குரல்.

“முதல் சம்பளத்துல நீங்க குடியேறப் போற வீடு. இதோ, கதவு திறந்திருக்கு. உள்ள போங்க.”

அவள் போனாள்.

தரை குளிர்ந்திருந்தது. ஓர் அறை முடிகிற இடத்தில் இன்னோர் அறை தானாகத் திறந்தது. எங்கிருந்தோ வந்த காற்றில் திரைச்சீலை மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. சமையலறையில் அம்மா ஏற்கெனவே நின்றாள். எப்போது வந்தாள் என்று கேட்கத் தோன்றவில்லை.

பக்கத்து இருக்கைத் தோழி கண்ணைத் திறக்காமலே கிசுகிசுத்தாள். “எனக்கு நீச்சல்குளம் வந்தாச்சுடி. உனக்கு?”

“ஜன்னல் வந்திருக்கு. பேசாம இரு, கலைஞ்சிடும்.”

“அருமை” என்றார் ஆலோசகர். “இப்ப மூச்சை மெதுவா வெளிய விடுங்க. நடைமுறைக்கு வருவோம். முதல்ல, அந்த பால்கனி போகட்டும்.”

பால்கனி சத்தமில்லாமல் கழன்றது. அவசரம் ஏதுமில்லாமல் மிதந்து, மேகத்துக்குப் பின்னால் போய் மறைந்தது. அரங்கம் பெருமூச்சு விட்டது.

“சின்ன படுக்கையறை போகட்டும்.”

போயிற்று. அதில் படுத்திருந்த அப்பா தூக்கம் கலையாமல் கட்டிலோடு மிதந்து கூடத்துக்கு வந்து சேர்ந்தார்.

“சமையலறை தனியா எதுக்கு? அதுவும் போகட்டும்.”

சுவர்கள் விலகின. அம்மா மட்டும் கையில் கரண்டியோடு நின்ற இடத்திலேயே நின்றாள்.

“நான் எங்கடி போறது?” என்றாள்.

முதல் வரிசையில் கல்லூரி முதல்வரும் கண்ணை மூடித்தான் இருந்தார். தன் வீட்டிலும் எதையாவது கழற்றிவிடப் போகிறார்களோ என்று ஒரு கண்ணை மட்டும் கொஞ்சம் திறந்து வைத்திருந்தார். கடைசி வரிசையில் ஒருவன் குறட்டை விட்டுக்கொண்டு, போன வீட்டிலேயே தங்கிவிட்டான்.

“இப்ப என்ன மிச்சம் இருக்கோ, அதுதான் யதார்த்தம். அதைப் பார்த்துச் சிரிங்க.”

அவளுக்கு மிச்சமிருந்தது ஒரு சுவரும், ஒரு குழாயும், உறங்கும் அப்பாவும். அம்மா கரண்டியை எங்கே வைப்பது என்று தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் கண்ணைத் திறந்துவிட்டாள்.

நாலு ஐம்பத்துமூன்று.

கண் மூடிய முந்நூறு முகங்கள் சிரிக்க முயன்றுகொண்டிருந்தன. அவள் கைபேசியை எடுத்தாள். பச்சையில் ‘சம்மதம்’, சிவப்பில் ‘மறுப்பு’. பச்சையைத் தொட்டால் அப்பா நாளைக்குத் தெருவில் எந்தப் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு நடப்பார்? சிவப்பைத் தொட்டால் அவ்வளவுதான். பதினோரு நேர்காணலுக்குப் பிறகு வந்த ஒரே கடிதம் இது.

கட்டைவிரல் இரண்டுக்கும் நடுவில் நின்றது.

ஆலோசகர் மேடையிலிருந்து இறங்கி வரிசைகளுக்கு இடையே நடந்துகொண்டிருந்தார். கோயிலுக்குள் நடப்பதுபோல் மெல்ல அடியெடுத்து வைத்து, அவளருகே வந்ததும் நின்றார்.

“கண்ணை மூடச் சொன்னேனேம்மா.”

அவள் கைபேசியை மறைப்பதற்குள் அவர் குனிந்துவிட்டார். கடிதத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் படித்தார். கிட்டத்தில் பார்த்தால் அவளைவிட நாலைந்து வயதுதான் கூடுதலாக இருக்கும். கோட்டின் தோள், அவர் தோளைத் தாண்டி இரண்டு விரற்கடை வெளியே நின்றது.

இப்போது ஓர் உபதேசம் வரும் என்று அவள் காத்திருந்தாள். ஏற்றுக்கொள் என்று ஒரு சொல் வந்தாலும் போதும், வேண்டாம் என்று ஒரு சொல் வந்தாலும் போதும்.

அவர் மைக்கை உள்ளங்கையால் இறுகப் பொத்திக்கொண்டார்.

“பதினெட்டா?” என்றார். தாலாட்டுக் குரல் மேடையிலேயே நின்றுவிட்டிருந்தது. “மாசாமாசம் குடுப்பாங்களாம்மா?”

“ஆமா சார். ஒண்ணாந்தேதியானா வந்துடுமாம்.”

“ஒண்ணாந்தேதி” என்று அவர் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். யாரோ போய்வந்த ஊரின் பெயரைச் சொல்லிப் பார்ப்பதுபோல் இருந்தது.

பிறகு மேடைக்குத் திரும்பினார்.

அவள் பச்சையைத் தொட்டாள்.

“இப்ப மெதுவா, ரொம்ப மெதுவா, எல்லாரும் கண்ணைத் திறங்க” என்றது மைக்.

முந்நூறு பேரும் திறந்தார்கள். கைதட்டல் எழுந்தது. துறைத்தலைவர் நன்றி சொல்ல எழுந்து நின்றார்.

மேடையில் ஆலோசகர் மட்டும் மூடிய கண்ணை இன்னும் திறக்கவில்லை.