கண்ணாடிக்குள் சனி

கண்ணாடிக்குள் இருட்டு.

கண்ணை இமைத்துப் பார்த்தாள். அதே இருட்டு.

"என்னம்மா தெரியுது?" தேர்வு செய்ய வந்த அதிகாரியின் குரல்.

ஒரு நிமிடத்துக்கு முன், விண்வெளியைக் கண்முன் காட்டும் இதே வி.ஆர். கண்ணாடியை மாட்டியிருந்தவள் பௌசியா. திறன் தேர்வில் இருவரும் ஒரே மதிப்பெண்; அதனால்தான் இந்தக் கூடுதல் சோதனை.

"ஒண்ணுமே தெரியல சார். ஒரே இருட்டு" என்றிருந்தாள் பௌசியா.

வகுப்பே சிரித்தது.

"விண்வெளின்னா இருட்டாத்தாம்மா இருக்கும். முழிச்சுக்கிட்டுப் பாரு!" என்றார் தலைமையாசிரியர்.

அதிகாரி தாளில் பௌசியாவின் பெயரை அடித்து நீக்கினார்.

ராக்கெட் ஏவுதளம் பார்க்கப் போக, இந்தப் பள்ளிக்கு ஒரே ஓர் இடம்.

கண்ணாடி வந்து எட்டு மாதம். கைபட்டால் கெட்டுவிடும் என்று பீரோவில் பூட்டி வைத்தார்கள். ஆயுத பூஜைக்கு மட்டும் வெளியே வந்தது. சந்தனம், குங்குமம் வைத்துக்கொண்டு உள்ளே போனது.

சார்ஜ் போட யாருக்கும் தோன்றவில்லை.

அவளுக்கு அது தெரியும். இன்று காலை பீரோவிலிருந்து எடுத்துத் துடைத்தவளே அவள்தான்.

"சொல்லும்மா."

கண்ணாடியை ஒருமுறை சரிசெய்துகொண்டாள்.

"சனி சார்."

அறை அமைதியானது.

தலையை மெல்ல இடப்பக்கம் திருப்பினாள்.

"வளையம் சார். பனிக்கட்டியும் கல்லுமா மிதக்குது. நடுவுல கறுப்பா ஓர் இடைவெளி."

எல்லாம் நூலகத்தில் படித்தது.

கையை நீட்டினாள். "அதோ, டைட்டன்! சனியோட பெரிய நிலா!"

கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

"நான் சொல்லல சார்? கெட்டிக்காரப் பொண்ணு" என்றார் தலைமையாசிரியர்.

அதிகாரி அவள் பெயரை எழுதிக்கொண்டார். எழுத்துகளைக்கூடக் கேட்டுச் சரிபார்த்தார்.

வெளியே வராந்தாவில் பௌசியா நின்றிருந்தாள்.

பௌசியா திட்டுவாள் என்று அவள் நினைத்தாள். திட்டட்டும் என்றும் நினைத்தாள்.

பௌசியாவின் கண்கள் சிவந்திருந்தன. அழுததால் இல்லை. கசக்கிக் கசக்கி.

"எனக்குக் கண்ணுலதான் ஏதோ கோளாறுடி. அத்தாகிட்ட சொல்லி டாக்டர்கிட்ட காட்டணும்."



பௌசியா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அதை விடு. எனக்குச் சொல்லேன்டி. வளையம் எப்படி இருந்துச்சு?"

உள்ளே புகைப்படத்துக்கு அவளைக் கூப்பிட்டார்கள்.

"வரேன் சார்" என்றாள்.

பிறகு, பௌசியாவின் முகத்தைப் பார்க்காமல், வளையத்தின் நிறத்தைச் சொல்லத் தொடங்கினாள்.