அந்த இடத்துல ஒண்ணும் கிடையாது

என் அண்ணன் கோல்மன் கண்ணை மூடிக்கொண்டான். பாடப் போகிறான் என்று அர்த்தம்.

எங்கள் ஊர் மதுக்கூடத்தில் பேச்சு தானாக அடங்கியது. பக்கத்தில் இருந்த மீன்காரர் ஃபெஸ்டஸ் அவன் வலது கையைத் தன் கையில் எடுத்து, கிணற்று ராட்டினத்தைச் சுற்றுவதுபோல மெல்லச் சுற்ற ஆரம்பித்தார். எங்கள் ஊர்ப்பக்கம் பாடுகிறவனைத் தனியாக விடுவதில்லை.

நான் கதவோரம் தொப்பியைக் கழற்றாமல் நின்றேன். காலையில்தான் ஷானன் விமான நிலையத்தில் இறங்கினேன். நான் வந்திருப்பது அவனுக்குத் தெரியாது. கடல் கடந்து பெர்த் நகரத்தில் செங்கல் அடுக்கி முப்பது வருஷம் ஓட்டியவனை இங்கே வேறு யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. அதுவும் நல்லதுதான்.

பாட்டு முடியட்டும். நாலு பேர் நடுவில் அவனை ஒரே ஒரு கேள்வி கேட்கப் போகிறேன். இந்த மெட்டு யாருடையது?

ஒரு மெட்டுக்காக அண்ணனும் தம்பியும் பேசாமல் இருப்பார்களா என்று என் மனைவி சிரிப்பாள். இருப்பார்கள். எங்கள் ஊரில் வேலிக்காகப் பேசாதவர்கள் உண்டு, கழுதைக்காகப் பேசாதவர்கள்கூட உண்டு.

வார்த்தைகள் எங்களுடையவை அல்ல. இருநூறு வருஷத்துக்கு முன் செத்துப்போன ஒரு கவிஞனுடையவை. போகிற படகைப் பார்த்துக் கரையில் நிற்கும் ஒருத்தியைப் பற்றியது. பள்ளியில் அதை மனப்பாடம் செய்யாமல் போய் இரண்டு பேரும் பிரம்படி வாங்கினோம். அடிக்குப் பயந்துதான் மெட்டுப் போட்டோம்.

அதுவும் சதுப்பு நிலத்தில், வேலைக்கு நடுவில். குளிர்காலத்தில் எரிக்கிற மண்ணை அவன் பள்ளத்தில் நின்று கட்டி கட்டியாக வெட்டி எறிவான். நான் மேலே நின்று பிடிப்பேன். வெட்டிக்கொண்டே அவன் ஒரு வரி, பிடித்துக்கொண்டே நான் ஒரு வரி.

மெட்டு ஏறியதும் கசப்பு மருந்தாக இருந்த அந்தப் பாட்டு எப்படியோ தேனாகிவிட்டது. முதல்முறை முழுசாகப் பாடி முடித்த அன்று, கையில் ஈர மண்ணோடு நான் அழுதேன். படகு நிஜமாகவே போய்விட்டது என்பது அன்றுதான் எனக்குப் புரிந்தது.

பிறகு ஒரு நாள் வானொலிக்காரர் வந்தார். மெட்டு யாருடையது என்று கேட்டார். "என்னோடதுதான்" என்றான் கோல்மன். என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. அந்த வருஷமே நான் விமானம் ஏறிவிட்டேன்.

இப்போது அவன் குரலில் கிழடு தட்டியிருந்தது. ஆனாலும் பாவி, பாடுகிறான். முதல் சரணத்திலேயே என் உதடு அவனோடு சேர்ந்து அசைந்தது. கோபத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மூன்றாவது சரணம். படகு சிறுத்துப் புள்ளியாகிற இடம். அங்கே குரல் மேலே ஏறி, ஒரு சுற்றுச் சுற்றி இறங்க வேண்டும்.

நிறுத்திவிட்டான்.

மறந்துவிட்டான்! எனக்குக் குரூரமான ஒரு சந்தோஷம். சொந்த மெட்டாக இருந்தால் மறக்குமா? வாய் சும்மா இருக்கவில்லை. அந்தச் சுற்றை நானே முணுமுணுத்தேன்.

எனக்கு முன்னால் புல்லாங்குழலோடு உட்கார்ந்திருந்த பெண் திரும்பி முறைத்தாள்.

"ஷ்! சும்மா இருங்க பெரியவரே. அந்த இடத்துல ஒண்ணும் கிடையாது."

"கிடையாதா? யாரு சொன்னா?"

"பாட்டே அப்படித்தான். கோல்மன் எப்பவும் அங்க பாடமாட்டாரு. நாங்க வாசிக்கறப்பவும் அதை விட்டுட்டுத்தான் வாசிப்போம். தெரியாத பாட்டுல வாயை வைக்காதீங்க."

கதவு நிலையைப் பிடித்துக்கொண்டேன்.

அந்த வரி வரும்போது அவன் குனிந்து வெட்டிக்கொண்டிருப்பான், மூச்சு இருக்காது. அந்த இடைவெளியை நிரப்பத்தான் நான் அந்தச் சுற்றைப் போட்டேன். மற்றதெல்லாம் இரண்டு பேர் கையிலும் கலந்து கிடந்தது. எனக்கே எனக்கென்று இருந்தது அது ஒன்றுதான்.

இத்தனை வருஷமாக அவன் அதைத் தொடவில்லை. ஊர்ப் பிள்ளைகள் அந்த ஓட்டையையும் சேர்த்துப் பாடம் பண்ணியிருக்கிறார்கள்.

கோல்மன் இன்னும் அடுத்த வரிக்குப் போகவில்லை. வழக்கத்தைவிட நேரமாகிறது போலிருக்கிறது, அந்தப் பெண்ணும் கழுத்தை நீட்டிப் பார்த்தாள். அவன் கண்ணைத் திறக்கவில்லை. ஃபெஸ்டஸின் பிடியில் இல்லாத இன்னொரு கையை, என் முணுமுணுப்பு வந்த கதவுப் பக்கமாக நீட்டினான்.

கேட்க வந்த கேள்வி என்னிடம் இல்லை. போய் அந்தக் கையைப் பிடித்தேன். அதே சொரசொரப்பு.

மூன்றாவது சரணத்தை முதலிலிருந்து எடுத்தான். படகு புள்ளியாகிற இடத்தில் நிறுத்தினான். காத்திருந்தான்.

நான் பாடினேன். குரல் உடைந்து, சுருதி விலகி, எப்படியோ ஏறி இறங்கினேன். என் விரல்களை அவன் நசுக்கிவிட்டான்.

பின்னால் அந்தப் பெண் யாரிடமோ அலுத்துக்கொண்டாள்.

"எவனோ வந்து நல்ல பாட்டைக் கெடுத்துட்டான்பா."