பெயர் கேட்காத பக்கம்

"தம்பி, பேரும் கேக்கேல்லை, ஊரும் கேக்கேல்லை, நேர உள்ள விட்டிட்டுது. அதெப்பிடி?"

அருளம்பலம் சட்டைப் பையில் கண்ணாடியைத் தேடிக்கொண்டே கேட்டார். அவர் அதை எடுத்து மாட்டுவதற்குள் தவரூபன் கம்ப்யூட்டர் திரையைத் தன் பக்கம் திருப்பிவிட்டான்.

தவரூபன் அவருக்கு வரப்போகும் மருமகன். திருகோணமலை உட்துறைமுக வீதியில் சின்னதாக ஓர் இன்டர்நெட் கடை வைத்திருந்தான். தை பிறந்தால் அவனுக்கும் அவருடைய மகள் நிரோஜினிக்கும் கலியாணம். கலியாணக் கார்ட்டைக் கனடாவில் இருக்கும் தமையனுக்கு ஈமெயிலில் அனுப்பத்தான் குச்சவெளியிலிருந்து பஸ் ஏறி வந்திருந்தார். சண்டை திரும்பத் தொடங்கிய பிறகு அந்தப் பாதையில் பஸ் ஓடுவதே பெரிய காரியம்.

வந்த வேலை முடிந்ததும் மனுஷன் எழும்பிப் போயிருக்கலாம். தமையன் தன் மகளுக்கு மாப்பிள்ளை தேடி ஏதோ கலியாண இணையதளத்தில் படம் போட்டிருக்கிறாராம். அதையும் ஒருதரம் பார்த்துவிடுவோம் என்று ஆசை வந்துவிட்டது. மருமகனும் மறுக்காமல் தன் மேசைக் கம்ப்யூட்டரில் திறந்தான்.

"பேர் பதிஞ்சு சேந்த ஆக்களை மட்டும்தான் உள்ள விடுமெண்டு அண்ணை சொன்னவர்," என்றார் அருளம்பலம்.

"ஒருக்கா ஆரும் பேர் குடுத்து உள்ள போனா, அந்த இணையதளம் இந்தக் கம்ப்யூட்டருக்குள்ள ஒரு சின்ன அடையாளத்தை வைச்சிடும் மாமா. குக்கி எண்டு சொல்லுறது. அடுத்த முறை திறக்கேக்க அதைப் பாத்து ஆளைத் தெரிஞ்சுகொள்ளும்."

"சென்றியில நிக்கிற ஆமிக்காரன் தினம் போறவனைத் தெரிஞ்சு வைச்சிருக்கிற மாதிரியோ?"

"ஓம் மாமா. ஆனா இது ஐடென்டி காட் கேக்காது."

அருளம்பலம் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. கூட்டுறவுச் சங்கக் கடையில் முப்பது வருடம் மனேச்சராக இருந்தவருக்குக் கணக்குப் போட அதிக நேரம் பிடிக்கவில்லை.

"அப்ப, இந்தக் கம்ப்யூட்டரில ஆரோ அங்க சேந்திருக்கினம்."

தவரூபன் திரையை இன்னும் கொஞ்சம் தன் பக்கம் திருப்பினான்.

"இஞ்சால திருப்புங்கோ, பாப்பம்."

"வேண்டாம் மாமா."

"இது உங்கட சொந்த மேசையெல்லோ?"

"ஓம்."

அருளம்பலம் கதிரையை முன்னால் இழுத்துக்கொண்டார். கோபப்படுகிற ஆள் இல்லை அவர். மகளின் வாழ்க்கை என்றதும் குரல் மட்டும் தணிந்தது.

"தம்பி, கடைக்கு எத்தினை பேர் வருவினம். ஆரோ ஒருத்தர் நீங்கள் இல்லாத நேரம் திறந்திருப்பினம். அப்பிடியெண்டு ஒரு சொல்லுச் சொல்லுங்கோ. நான் நம்பிறன். கலியாணம் நடக்கட்டும்."

தவரூபன் திரையைப் பார்த்தான். மேல்மாடி அறைக்கு நிரோஜினிக்குப் பிடித்த மஞ்சள் நிறத்தை அவன் தன் கையாலேயே அடித்து முடித்திருந்தான். அவள் மேல் அவனுக்கு உயிர். அந்த ஒரு சொல்லைச் சொல்லிவிட்டால் தையில் அவள் அந்த அறைக்கு வந்துவிடுவாள்.

"இல்லை மாமா," என்றான். "நான்தான் சேந்தனான்."

"ஏன்?"

"வெளிநாட்டுச் சம்பந்தம் ஒண்டு கிடைச்சா நல்லதெண்டு ஒரு நினைப்பு."

அருளம்பலம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்பவும் மாட்டாமல் பைக்குள் வைத்தார்.

"என்ர பிள்ளை போன கிழமை இஞ்ச வந்திட்டுப் போனதில இருந்து முகம் நிறையச் சிரிப்போட திரியிறாள். அவளுக்கு நான் என்னத்தைச் சொல்லுறது?"

"பிழை என்னிலதான் எண்டு சொல்லுங்கோ மாமா."

"மாமா எண்டு கூப்பிடாதேங்கோ." அவர் எழுந்தார். "அண்ணைக்குக் கார்ட் போயிட்டுது. கலியாணம் நிண்டுபோச்செண்டு இனி அதையும் நீங்களே அனுப்பிவிடுங்கோ."

வாசலில் செருப்பைப் போட்டவர், மனது கேட்காமல் ஒருதரம் திரும்பிப் பார்த்தார். பொடியன் ஏதும் சொல்லுவானோ என்று கொஞ்சம் நின்றார். அவன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். ஆமிச் சென்றியில் பாதையை மூடுவதற்குள் ஊர் போய்ச் சேர வேண்டும் என்று பஸ் நிலையப் பக்கம் நடந்தார்.

அவர் தெரு முனை தாண்டும்வரை தவரூபன் கதிரையை விட்டு அசையவில்லை. போன கிழமை வேலை விண்ணப்பம் அனுப்ப வந்தவளைப் பொடியன்களுக்கு நடுவில் இருத்த மனமில்லாமல், இதே கதிரையைக் கொடுத்துவிட்டு அவன் வெளியே போய் நின்றிருந்தான்.

திரையை நேராகத் திருப்பி இன்னொருதரம் வாசித்தான்: "மீண்டும் வருக, நிரோஜினி! நீங்கள் விருப்பம் தெரிவித்த கனடா மணமகன் உங்களுக்குச் சம்மதம் அனுப்பியுள்ளார்."