கொய்யாக் கட்டைப் பிடி

"இந்தப் பிடியும் சரியில்லடா."

கந்தப்பன் கத்தியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு இப்படிச் சொன்னதும் தம்பி சோலைமலைக்கு எரிச்சல் வந்தது.

"இது மூணாவது பிடிண்ணே. இதுல என்னா கொறைச்சலக் கண்டீங்க?"

"வேர்வக் கையோட ஓங்குனா நழுவும். நீ வெட்டப்போறது தேயிலக் கொப்பு இல்ல, காடு. கழட்டிப் போடு."

வவுனியாப் பக்கம் காடு வெட்டிக் குடியேறப் போன தோட்டத்து ஆட்கள், சோலைமலைக்கும் இரண்டு ஏக்கர் பிடித்து வைத்திருப்பதாகச் சொல்லியனுப்பியிருந்தார்கள். இந்த மாதம் முடிவதற்குள் வந்து வெட்டத் தொடங்கவில்லை என்றால் அது வேறு ஆளுக்குப் போய்விடும். மாதம் முடிய இன்னும் மூன்றே நாள். கந்தப்பனால் தம்பியோடு போக முடியாது. தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டிய மலையில் உருண்டு விழுந்ததிலிருந்து அவனுடைய இடது கால் மடங்காது. கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் கூட்டிப் பெருக்குகிறான்.

நோர்வூட் கடைவீதியில், பழைய லொறியின் வில் பட்டையை அடித்துத் தட்டிய கத்தி அலகை மட்டும் வாங்கி வந்திருந்தார்கள். "பிடியும் உறையும் வீட்லயே போட்டுறலாம், நான் செய்றேன்" என்று கந்தப்பன் சொல்லி நாலு ஞாயிற்றுக்கிழமை ஆகிவிட்டது.

லயத்து வீட்டு வரிசையில் அடுத்த காம்பராவிலிருந்து ராக்காயி தலையை நீட்டினாள்.

"என்னா மச்சான், கத்தி செய்றீங்களா, கோயிலுக்குத் தேர் செய்றீங்களா?"

"ஒன் அடுப்புல என்னமோ தீயுது. போய்ப் பாரு புள்ள."

"தீயட்டும். கத்தி செஞ்சு மட்டும் என்னா ஆகப்போவுது? மொதத் தடவ ஒங்க தம்பி அட்டன் ஸ்டேசன்லேருந்தே திரும்பி வந்துச்சு. ரெண்டாந்தடவ பதினெட்டு நாளு. இந்தத் தடவ நோர்வூட் பாலத்தத் தாண்டுதான்னு நானும் பாக்குறேன்."

லயத்து வாசலில் பேன் பார்த்துக்கொண்டிருந்த பெண்கள் சிரித்தார்கள். சோலைமலை தலையைக் குனிந்துகொண்டான்.

அவள் சொன்னது பொய்யில்லை. தாயும் தகப்பனும் ஒரே மழைக்காலத்தில் போய்ச் சேர்ந்தபோது அவனுக்கு ஐந்து வயது. அன்றிலிருந்து அண்ணன்தான். அண்ணன் கல்யாணமும் செய்துகொள்ளவில்லை. வவுனியாவில் பதினெட்டாம் நாள் சோற்றில் கை வைத்தபோது, மடங்காத காலோடு இருக்கும் அண்ணனுக்குப் பீலிக்குப் போய் யார் தண்ணீர் பிடித்துக் கொடுப்பார்கள் என்று நினைத்தான். கையைக் கழுவிவிட்டு ரயிலேறி வந்துவிட்டான்.

கந்தப்பன் புதிதாக ஒரு கொய்யாக் கட்டையை எடுத்தான். தம்பியை அதைப் பிடிக்கச் சொல்லி, விரல் படும் இடங்களில் கரியால் கோடு போட்டான். கோட்டைப் பார்த்துச் செதுக்கினான். உடைந்த போத்தல் துண்டால் வழுவழுவென்று சுரண்டினான். அலகின் வாலை அடுப்பில் சிவக்கக் காய்ச்சி, கட்டையில் போட்ட துளைக்குள் இறக்கினான். காம்பரா முழுக்கப் புகை. இருவரும் இருமினார்கள்.

பிறகு உறை. பங்களாவில் தூக்கிப்போட்ட, தோட்டத்துத் துரையின் பழைய நீள பூட்ஸை அறுத்து, அந்தத் தோலை மெழுகு தடவிய சாக்கு நூலால் தைக்க ஆரம்பித்தான். ஒரு பக்கம் தைத்து முடித்தான். தையல் கோணல் என்று மறுபடி பிரித்தான்.

சோலைமலைக்குப் பொறுக்கவில்லை.

"அண்ணே, ஒங்களுக்கு நான் போறது இஷ்டமில்ல. அத நேராச் சொல்லிருங்க. எதுக்கு இப்புடிச் செய்றதும் பிரிக்கிறதுமா நாளக் கடத்துறீங்க?"

கந்தப்பன் ஊசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"இஷ்டமில்லதான்" என்றான்.

மெழுகுத் துண்டை எடுத்து நூலில் இழுத்துத் தேய்த்தான்.

"நீ போயிட்டா வேலவிட்டு வந்து நான் யாரோட பேசுறது? இந்தச் செவுத்தோடயா? ஒரு கொத்து அரிசி வடிச்ச பானையில அரக் கொத்து வடிக்கணும். அது கொதிக்கிறதயே பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்கணும்."

"அப்ப நான் போகல. அந்த ரெண்டு ஏக்கர எவனாச்சும் எடுத்துக்கட்டும்."

கந்தப்பன் நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு அடுத்த தையலைப் போட்டான்.

மறுநாள் காலையில் சோலைமலை கண் விழித்தபோது அவனுடைய துணிகள் மூட்டையாகக் கட்டித் தயாராக இருந்தன. ரொட்டியும் சம்பலும் பொட்டலத்தில் இருந்தன. "கெளம்பு" என்று மட்டும் சொன்னான் அண்ணன். மூட்டையை அவனே தோளில் போட்டுக்கொண்டு, காலை இழுத்து இழுத்து முன்னால் நடந்தான்.

பஸ் நிற்கும் ரோட்டு முடக்கில் பனி மூடிக்கிடந்தது. பொகவந்தலாவையிலிருந்து வரும் பஸ்ஸின் ஹாரன் கீழ் வளைவில் கேட்டது.

"ரெண்டே மாசம்ணே. பொங்கலுக்கு வந்து ஒங்களப் பாக்குறேன். ஒங்களுக்கு முடியலேன்னா சொல்லியனுப்புங்க, உடனே வந்துர்றேன்."

கந்தப்பன் இடுப்பிலிருந்து, உறையோடு கத்தியை எடுத்தான். சோலைமலை தரையைப் பார்த்தபடி காத்து நின்றான். லயத்தில் யாரும் கத்தியைக் கைக்குக் கை கொடுப்பதில்லை. ஒருவர் கீழே வைப்பார், மற்றவர் எடுத்துக்கொள்வார்.

"கீழ வைங்கண்ணே, எடுத்துக்கிறேன்."

கந்தப்பன் குனியவில்லை. தம்பியின் வலது கையைப் பிடித்து இழுத்து, கத்தியை அந்தக் கைக்குள் வைத்து அழுத்தினான்.

சோலைமலை பதறிப்போனான். "என்னாண்ணே இது! கைக்குக் கை குடுத்தா ஒறவு அறுந்துபோகும்பாங்களே, மறந்துட்டீங்களா?"

"மறக்கலடா. அதுக்குத்தான் குடுத்தேன்" என்றான் கந்தப்பன். "பஸ்ஸு வந்துருச்சு. ஏறு."