கோட்டுக்கு வெளியே

"யோவ், வண்டியை எடுய்யா! இங்க நிறுத்தக் கூடாது" என்று அதட்டினார் போலீஸ்காரர்.

பொம்மையன் கூண்டு வண்டியிலிருந்து குதித்து இறங்கினார். திண்டுக்கல் ஆஸ்பத்திரி வாசல். முனிசிபாலிடிக்காரர்கள் முந்தின நாள்தான் ரோட்டோரக் கல்லுக்கு வெள்ளையடித்து, வாசலைச் சுற்றிக் கோடும் இழுத்திருந்தார்கள். கோட்டுக்கு உள்ளே டாக்டர் கார் மட்டும்தான் நிற்கலாம்.

"மகளையும் பேரனையும் ரெட்டியார்சத்திரத்துக்குக் கூட்டிப்போக வந்தேன் சாமி. செத்த நேரம்..."

"புதுச் சட்டம்யா. கோட்டுக்கு வெளியே கொண்டுபோய் நிறுத்து."

பொம்மையனின் முகம் சுண்டிப்போனது. "இம்புட்டுக்குப் போயா சாமி?"

"சட்டம்னா சட்டம். கூப்பிடுற வரைக்கும் அங்கேயே நில்லு."

மாடுகளைத் திருப்பினார் பொம்மையன். போலீஸ்காரர் பீடி பற்றவைக்கத் திரும்பிக்கொண்டார்.

உள்ளே பொம்மையனின் மனைவி பேச்சாயி துணிமூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். மகள் ராமுத்தாய் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளை பிறந்து எட்டு நாளாகிறது. பிள்ளையின் அப்பன் சோலைமுத்து இன்னும் எட்டிப் பார்க்கவில்லை. அவனுக்கு இதே ஊரில்தான் சர்க்கார் உத்தியோகம்.

"வளைகாப்புக்கு ஆள் விட்டுத்தானே சொன்னாரு? இப்பவாச்சும் மாமா நேர்ல வந்து நிக்கட்டும். அப்பத்தான் வருவேன்" என்பது மாப்பிள்ளையின் வீம்பு. "நேத்து மீசை மொளைச்ச பய முன்னாடி நான் போய் நிக்கவா?" என்பது மாமனாரின் வீம்பு.

"ஒரே ஒரு தடவை அப்பாவைப் போகச் சொல்லும்மா. அவரு பார்க்காமலே இவனை ஊருக்குத் தூக்கிட்டுப் போகணுமா?" ராமுத்தாய்க்குக் கண் கலங்கியது.

"உங்கப்பாவா? ஆட்டுக்கல்லைக்கூட நடக்க வச்சுப்புடலாம்டி."

மூட்டையோடு பேச்சாயி வாசலுக்கு வந்தாள். வண்டியைக் காணோம்.

"கோட்டுக்கு வெளியே நிறுத்தத்தான் சொன்னேன்மா. கோவிச்சுக்கிட்டு ஊருக்கே போயிட்டாரோ என்னமோ" என்றார் போலீஸ்காரர்.

"போவாரு, போவாரு! ரோசத்துக்கு மட்டும் கொறச்சல் இல்ல!"

ஒரு மணி நேரம் கழித்து மாட்டு மணிச் சத்தம் கேட்டது. வண்டியை ஓட்டி வந்தவன் சோலைமுத்து! மார்பில் போட்டிருந்த கோர்ட்டு டவாலிப் பட்டையைக்கூடக் கழற்றவில்லை. பின்னால் பொம்மையன், துண்டால் முகத்தைத் துடைத்தபடி.

"அத்தை! மாமா நான் வேலை பார்க்குற எடத்துக்கே வந்து நின்னுட்டாரு! இந்த வெயில்ல, துண்டைக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு! எனக்கு உசிரே இல்ல. இதுக்கு மேல வாயத் தொறந்து வேற கூப்பிடணுமா? எங்கே என் மகன்?"

வண்டி நிற்பதற்குள் குதித்து உள்ளே ஓடினான். கொஞ்ச நேரத்தில் ராமுத்தாயின் சிரிப்பும் பிள்ளையின் அழுகையும் சேர்ந்து வாசல் வரைக்கும் கேட்டன.

பேச்சாயி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "மகளுக்காக எறங்கிப் போனீகளே... உங்களைப் போயி வாய்க்கு வந்தபடி பேசிப்புட்டேனே!"

பொம்மையன் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு அவள் காதோரம் குனிந்தார்.

"சத்தம் போடாத புள்ள. போலீஸ்காரர்தான் என்னையக் கோட்டுக்கு வெளியே போய் நிக்கச் சொன்னாரு. ஜட்ஜையா எப்பக் கூப்பிட்டு எத்தனை மாசம் உள்ள போடுவாரோன்னு கோட்டு வாசல்ல நடுங்கிக்கிட்டு நின்னா, மாப்பிள்ளை வந்து கையப் பிடிச்சுக்கிட்டாரு!"